தந்தை செய்த தொழில்

ஒருவர் மறைந்தபின் அவர் நினைவாக ஒரு சிறு நூலை அச்சிட்டு வழங்குவது ஈழத்துத் தமிழரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நல்வழக்கம். யாழ்ப்பாணத்தார் அதனைக் 'கல்வெட்டு' என்பர். ஏனையோர் 'நினைவு மலர்' என்பர். அந்தியேட்டி நாளிலே அஃது உற்றார் உறவினர் கைகளிற் கொடுக்கப்படும். கருமாதியோடு கடமை முடிந்தது என்றிருந்த மலைநாட்டுக் குடும்பங்கள் சிலவும் இப்பொழுது இவ்வழக்கத்தை மேற்கொண்டுள்ளன. மாத்தளையிலும் இரத்தோட்டையிலும் இத்தகைய மலர்கள் சிலவற்றை நான் படித்திருக்கிறேன். வேண்டியவர்களுக்குப் பாட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பண்டிதன் என்று பெயர் எடுத்தவனைத் தேடி இந்த வேலை வருவது இயல்பேயன்றோ?

அம்மலர்களிற் காணும் ஒரு குறையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். முகப்பிலே படம் இருக்கிறது; பிறந்த நாளும் இறந்த நாளும் இருக்கின்றன; வெண்பாவும் விருத்தமும் இருக்கின்றன. ஆனால் மறைந்தவரைக் காணோம். 'குணக்குன்று', 'அன்பின் உறைவிடம்', 'கொடை வள்ளல்' என்று அடுக்கிய அடைமொழிகளுக்கிடையே அவர் எங்கேயோ மறைந்துபோகிறார். பெயரை மட்டும் மாற்றினால் அப்பாட்டு அடுத்த வீட்டாருக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்தும் புகழ் ஒருவருக்கும் உரியதன்று.

நம் முன்னோர் இரங்கற்பாவை இவ்வாறு பாடவில்லை. இறந்தவரை நினைந்து வருந்திப் பாடுவதற்குப் புறத்திணையிலே கையறுநிலை என்றொரு துறை வகுத்திருக்கின்றனர். பாரி மாண்டபின் அவன் மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டு அத்துறையைச் சார்ந்தது, ஐந்தே அடிகளாலானது. அதிலே தந்தை இத்தகையர் என்று புகழும் சொல் ஒன்றேனும் இல்லை. ஒரு நிலவு, ஒரு குன்று, வென்ற வேந்தர், இழந்த தந்தை; இவ்வளவே உள்ளன. அக்குன்றின் வளத்தைச் சொல்லவந்த கபிலரும் மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று பொருள்களை எண்ணிக் காட்டினாரேயன்றி, வளம் வளம் என்று வாயாற் சொல்லிக் கொண்டிருக்கவில்லை. உள்ளதை உள்ளவாறு பெயர் சொல்லி வைத்ததனாலேயே, இரண்டாயிரம் ஆண்டு கழிந்த பின்னரும் நாம் பறம்பு மலையைக் காண்கிறோம்.

என்னிடம் பாட்டுக் கேட்டு வருவோரை, "தந்தையார் என்ன தொழில் செய்தார்?" என்றே நான் முதலில் வினவுவது வழக்கம். எங்கள் பகுதியிலே பெரும்பாலும் கிடைக்கும் விடை இது: "தோட்டத்திலேதான் ஐயா இருந்தார்." சிலர், "கடையிலேதான் நின்றார் ஐயா" என்பர். இந்தத் 'தான்' என்னும் இடைச்சொல்லைச் சற்றே கவனியுங்கள். தேற்றப் பொருளில் வருவது அதன் இயல்பு. இங்கேயோ அது கதவைச் சாத்தும் வேலையைச் செய்கிறது; 'இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை; மேலே கேளாதீர்' என்கிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுக்கால உழைப்பை அந்த ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. அது நம் நினைவு மலர்களினின்றும் நம் நாவினின்றும் நீங்கவேண்டும் என்பதே என் கருத்து.

என் தந்தையாரையே சான்றாகக் காட்டுகிறேன். அவர் 1938ஆம் ஆண்டில் இரத்தோட்டைக்கு மேலுள்ள ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்தவர். 2016ஆம் ஆண்டில் மறைந்தார். அவரையும் 'தோட்டத்திலேதான் இருந்தார்' என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவர் செய்த தொழில் ஏலக்காய் உலர்த்துதல்.

நக்கிள்ஸ் மலைச்சரிவிலே, காட்டுப் பெருமரங்களின் நிழலில் ஏலம் பயிரிட்ட காலம் அது. ஏலக்காய் செடியின் உச்சியிற் காய்ப்பதன்று. அடித்தூரிலிருந்து தரையை ஒட்டி நீளும் சரத்திற் காய்ப்பது. ஒரு சரத்துக் காய்கள் எல்லாம் ஒருங்கே முற்றுவதில்லை. ஆதலால் சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் குனிந்து, பழுக்குமுன் பசுமையாகவே கொய்யவேண்டும். கொய்த காயைத் தாமதியாது வாடிக்குக் கொண்டுவந்து, தட்டுகளிற் பரப்பி, விறகுத் தீயின் வெப்பத்தில் இரவும் பகலும் உலர்த்துவர். நான்கைந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோவே மிஞ்சும்.

தீ மிஞ்சினால் காய் வெடிக்கும். பச்சை நிறம் வெளிறும். தீ தணிந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நிறம் குன்றினால் விலையும் குன்றும். அப்பாவிடம் வெப்பமானி இருக்கவில்லை. வாடிக் கதவைத் திறந்ததும் முகத்திற் படும் சூட்டைக் கொண்டே எந்தக் கட்டையை உள்ளே தள்ளவேண்டும், எதனை வெளியே இழுக்கவேண்டும் என்று அறிவார். தட்டிலுள்ள காய்களைக் கையால் அளைந்து செவி கொடுப்பார். நன்கு உலர்ந்த காய் கலகலவென்று ஒலிக்கும். ஈரம் எஞ்சிய காய் அவ்வாறு ஒலிப்பதில்லை. அந்த ஒலி வரும்வரை அவர் உறங்குவதில்லை. இரண்டு மூன்று இரவு கண்விழித்து அவர் லயத்துக்கு இறங்கி வரும்போது, அவருக்கு முன்னே ஏலமும் புகையும் கலந்த மணம் வந்து சேரும். அம்மணம் எங்களுக்கு அவர் சட்டையிலிருந்து கிடைத்ததேயன்றித் தேநீரிலிருந்து கிடைத்ததன்று. எங்கள் வீட்டுத் தேநீரில் ஏலம் இட்டது அருமை.

பின்னாளில் மலையை விட்டு இறங்கி, இரத்தோட்டைக் கடைவீதியிலே வாசனைச் சரக்கு வாங்கும் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். சாக்கைப் பிரித்தவுடன் அவர் கை உள்ளே போகும். விற்க வந்த சிங்களக் கமக்காரருக்கும் வாங்கும் முஸ்லிம் வியாபாரிக்கும் தரத்தைப் பற்றிப் பிணக்கு வந்தால் இரு சாராரும் அவரையே அழைப்பர். அவர் ஒரு பிடி அள்ளி அளைந்து, "இன்னும் ஒரு வெயில் வேண்டும்" என்றால் அதற்கு மேல் வழக்கில்லை. தம் முதலாளிக்கு நட்டம் வந்த நாளிலும் அவர் வேறு சொல்லியதில்லை. அவரைக் குணக்குன்று என்று நான் எழுதினால் யார் நம்புவர்? இந்த ஒரு பிடி ஏலக்காயைச் சொன்னாலோ, எழுதாமலே அது விளங்கிவிடும்.

தோட்டத்து வழக்கிலே 'பேர்' என்றொரு சொல் உண்டு. பெயர் என்பதன் மரூஉவே அது. ஆனால் அங்கே அதற்கு ஒரு நாட்கூலி என்பது பொருள். குறித்த அளவு வேலை செய்தவருக்கு முழுப்பேர்; குறைந்தவருக்கு அரைப்பேர். செக்ரோலிலே பெயருக்கு நேரே குறி விழுந்தால் கூலி உண்டு என்பதனால் இப்பொருள் பிறந்திருக்கலாம். ஆயிரக்கணக்கான நாட்கள் அவர் பேர் எழுதப்பட்டது. அவரைப் பற்றி ஒரு வரியேனும் எழுதப்படவில்லை. எத்தனை நாள் உழைத்தார் என்பதை அப்புத்தகம் சொல்லும். எவ்வாறு உழைத்தார் என்பதைச் சொல்லவேண்டியவர் பிள்ளைகளே.

இஃது உணர்ச்சியைப் பற்றிய செய்தி மட்டுமன்று. தந்தையைப் பற்றிய எழுத்து இல்லாமையால் நம்மவர் பட்ட துன்பத்துக்கு நாட்டின் சட்டப் புத்தகமே சான்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனையும் நோக்கி, 'உன் தந்தை இங்கே பிறந்தவரா?' என்று வினவியது. இல்லையேல் தந்தையின் தந்தையும் அவர் தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே மாத்தளைவரை காட்டுப் பாதையில் நடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் இதற்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவர்? 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான ஒப்பந்தத்திலே 975,000 மக்கள் வெறும் தொகையாயினர்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு 1974வரை காத்திருந்தது. என் தந்தையார் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே, ஐம்பது வயது கடந்தபின், தாம் பிறந்த நாட்டின் பிரசையானார். எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. இன்று அந்தக் கேள்வி இல்லை. ஆயினும் தந்தையர் வரலாற்றை எழுதாத பழக்கம் மட்டும் நம்மிடம் அப்படியே இருக்கிறது.

இதற்குச் சிலர் தடை கூறுவர். 'பிள்ளைகள் படித்து உயர்ந்துவிட்டனர். பழைய கூலி வேலையை அச்சிலே போட்டு அவர்களை ஏன் நாணச் செய்கிறீர்?' என்பர். நாணம் தொழிலில் இல்லை. அதனை மறைப்பதிலேயே இருக்கிறது. தந்தை தீக்காய்ந்த இரவுகளின் விலைதான் மகன் கையிலுள்ள புத்தகம் என்றால், அதைச் சொல்ல அவன் ஏன் கூசவேண்டும்?

வேறு சிலர், அத்தொழில் நல்லதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஏலத்துக்காகக் காட்டின் கீழ்ச்செடிகள் அழிக்கப்பட்டன. வாடித் தீக்கு மரங்கள் இரையாயின. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாயிற்று. காடு பிழைத்தது பற்றி நான் மகிழ்கிறேன். அந்த உண்மையும் எழுதப்படவேண்டும். இலாபத்தின் பொருட்டுத் தொழிலை வகுத்தவர் வேறு. கூலிக்குத் தீ மூட்டியவர் வேறு. இருவரையும் பிரித்து எழுதுவதே வரலாறு. அன்றியும், வாடிகள் போனபின் அந்தக் கைப்பழக்கத்தை அறிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கின்றனர்.

மலையகத் தமிழர் வந்து இருநூறாண்டு நிறைவை நினைந்து, 2023ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தனர். போற்றத்தக்க செயல். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்துத் தந்தார். அதுவும் பெருந்தொண்டு. ஆயினும் அவை ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவு. அக்கூட்டத்திலே நம் வீட்டிலிருந்து சென்ற ஒருவரை நாமேயன்றி வேறு யார் நினைப்பார்?

ஆதலால் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நினைவு மலருக்காகக் காத்திருக்க வேண்டா. தந்தையார் உயிரோடிருக்கும்போதே அருகில் அமர்ந்து கேளுங்கள்: எத்தனை வயதில் வேலைக்குப் போனீர்கள்? யாரிடம் கற்றீர்கள்? என்ன கருவி பிடித்தீர்கள்? அதற்கு என்ன பெயர்? எந்த வேலையில் உங்களை யாரும் வெல்ல முடியாது? கொழுந்துக் கூடையோ, கவ்வாத்துக் கத்தியோ, பால்வெட்டும் உளியோ, தையல் இயந்திரமோ, எதுவாயினும் அந்தத் தொழிற் சொற்களை அவர் சொன்னவாறே எழுதிவையுங்கள். அகராதியில் இல்லையென்று திருத்த வேண்டா. தமிழ் அகராதி அவற்றைப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டது. ஆசிரியர்களும் 'என் தந்தை செய்த தொழில்' என்று ஆண்டுக்கு ஒரு கட்டுரையேனும் மாணாக்கரைக் கொண்டு எழுதுவிக்கலாம். அதற்கு முன் அவர்கள் ஓர் இலக்கண விதியையும் கற்பிக்கட்டும்: தொழிலின் பெயருக்குப் பின்னே 'தான்' வாராது.