நாற்காலி கிடைத்தது, பாடம் எப்போது?



'பொது நிர்வாகம்' என்று ஒரு படிப்பு இருக்கிறது. அது கலெக்டர் ஆகிறவங்களுக்கு, நமக்கெதுக்கு என்று பல பெண்கள் ஒதுங்கி விடுகிறோம். இன்றைக்கு அது அதிகம் தேவைப்படுவது கிராமத்துப் பெண்களுக்குத்தான் என்பது என் கருத்து.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1937லேயே இதற்கு டிப்ளமோ வந்துவிட்டது. அமெரிக்க நிபுணர் பால் ஆப்பிள்பி 1953ல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1954ல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் அமைந்தது. எல்லாம் அதிகாரிகளுக்கும் பட்டதாரிகளுக்கும். அடுப்படியில் இருந்தவளை யாரும் நினைக்கவில்லை.

பிறகு 1993ல் நடைமுறைக்கு வந்த 73வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்குத் தந்தது. தமிழ்நாட்டில் 2016ல் கொண்டு வந்த சட்டம் அதைப் பாதியாக உயர்த்தியது. நாற்காலி கிடைத்தது, சரி. நடத்தச் சொல்லிக் கொடுத்தது யார்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஊராட்சித் தலைவியாக இருந்தாள். "நீ கையெழுத்தை மட்டும் போடு, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்பார் வீட்டுக்காரர். அவளும் போட்டாள். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தணிக்கையில் கேள்வி வந்தபோது பதில் சொல்ல நின்றது அவள்தான். வீட்டுக்காரர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லையே!

பயிற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. எங்கள் பக்கம் டி.கல்லுப்பட்டியில் மண்டல நிறுவனமும் இருக்கிறது. ஆனால் ஜெயித்த பிறகு சில நாள் வகுப்பில் உட்கார்ந்தால் போதுமா? மாட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு எத்தனை நாள் போய்வர முடியும்?

1989ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. தீர்மானம் எழுதுகிறோம், கையிருப்பு பார்க்கிறோம், தவணை தவறினால் கேட்கிறோம். நிர்வாகப் படிப்பின் அரிச்சுவடியே இதுதானே! இதற்கு மேல் ஊராட்சி வரவு செலவு, டெண்டர், தணிக்கை இவற்றையும் குழுக் கூட்டத்திலேயே, சாயங்கால நேரத்தில், நிஜக் கணக்கு நோட்டைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கலாம். பக்கத்துக் கல்லூரி மாணவிகளை இதற்கு அனுப்பினால் அவர்களுக்கும் அனுபவம். தேர்தலில் நிற்பதற்கு முன்பே பெண்கள் தயாராகி விடுவார்கள்.

அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டாம் சகோதரிகளே. 2022லிருந்து ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போய் உட்காருங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பால் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிக்கிற நமக்கு, ஊர்க் கணக்கு மட்டும் புரியாமலா போகும்?

- ஒரு வாசகி, வன்னியம்பட்டி.