பழுதாகாததும் குப்பையா?

பழுதான கருவியை எறிவது நியாயம். பழுதாகாததையும் எறியச் சொல்வது நியாயமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கோ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கவேண்டும் என்பது விதி. நன்றாக உழைக்கும் பழைய கணினிகள் பல இதனால் விலக்கப்பட்டன. டிரைவர் சிக்கல் வேறு! கருவிக்கும் இயங்குதளத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாய் நிற்கும் மென்பொருளே டிரைவர். புதிய இயங்குதளத்துக்கு ஏற்ற டிரைவர் இல்லையேல், நல்ல அச்சுப்பொறியும் ஊமையாகிவிடும்.

பாதுகாப்புக்குப் புதுப்பித்தல் தேவையே, மறுக்கவில்லை. ஆனால், சிறுகச் சேமித்து ஒரே ஒரு கணினி வாங்கும் வீடுகளுக்கு அடுத்தது எளிதில் வருவதில்லை. 1991-இல் பிறந்த லினக்ஸின் மூலநிரல் திறந்திருப்பதால், தயாரிப்பாளர் கைவிட்ட கருவிக்கும் பிறர் டிரைவரைப் பேணமுடிகிறது. ஆதரவை நிறுத்தும் நிறுவனங்கள் டிரைவரின் மூலநிரலையாவது வெளியிடவேண்டும். விற்றவர் கைகழுவலாம், வாங்கியவர் கையைக் கட்டக் கூடாது!