‘செய்யலாம்’ என்கிறது சட்டம்!

பாலர் பள்ளியில் சேரும் குழந்தைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? தனியார் பள்ளி முதலாளியைக் கேட்டால், ஏ.பி.சி.டி. தெரிய வேண்டும், எண்கள் தெரிய வேண்டும் என்பார். அதற்கென்றே ‘பிரீ கே.ஜி.’ என்று ஒரு கடையும் திறந்து வைத்திருக்கிறார். தொழிலாளி வட்டிக்கு வாங்கி அங்கே கட்டுகிறார்.

உண்மையில் வேண்டியது வேறு. வேளைக்குச் சோறு, முட்டை, நல்ல தூக்கம், பசியையும் வலியையும் வாய்விட்டுச் சொல்லத் தாய்மொழி, கை கழுவும் பழக்கம், நாலு பிள்ளைகளோடு கூடி விளையாடிய அனுபவம், அம்மா போனாலும் சாயங்காலம் வந்துவிடுவாள் என்ற தைரியம். பென்சில் பிடிக்க வேண்டிய விரலுக்கு இப்போதைக்கு மண்ணும் மணலும் போதும். பேசக் கேட்ட குழந்தைதான் பேசும். ஆனால், பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டுமாக மாறி மாறி உழைக்கும் தாய் தகப்பன் எப்போது கதை சொல்வது? சர்க்காரின் பொறுப்பு இங்கேதான் வருகிறது.

அந்தப் பொறுப்பு நழுவிய கதையைப் பாருங்கள். 14 வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது, 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45வது ஷரத்து. இத்தனை வயதுக்கு மேல்தான் என்று அது கோடு கிழிக்கவில்லை. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமையே என்றது. 2002-ல் 86வது திருத்தம் வந்தது, மேளம் கொட்டினார்கள். உரிமை யாருக்கு? 6 முதல் 14 வரை! சின்னஞ்சிறுசுகளுக்கு ‘முயல்வோம்’ என்ற வாக்கு மட்டும் மிஞ்சியது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், 11வது பிரிவில், மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பள்ளிக்குத் தயார் செய்ய அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது. ‘வேண்டும்’ அல்ல, ‘லாம்’! செய்யாவிட்டால் எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது?

நமக்கு இருப்பது 1975-ல் தொடங்கிய அங்கன்வாடிதான். சத்துமாவு கொடுப்பது, எடை பார்ப்பது, கர்ப்பிணி வீட்டுக்குப் போவது, போனில் கணக்கு ஏற்றுவது, இத்தனைக்கும் நடுவே ஊழியர் பாட்டும் விளையாட்டும் சொல்லித் தர வேண்டும். இதற்கு மத்திய சர்க்கார் தருவது சம்பளம் அல்லவாம், ‘மதிப்பூதியமாம்’! 2018-ல் அதை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக்கினார்கள். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதைக்கூட 2022-ல் சுப்ரீம் கோர்ட்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கிளைத் தோழர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் தங்கள் பகுதி அங்கன்வாடிக்கு ஒரு நடை போய் வரட்டும். தண்ணீர் வருகிறதா, கக்கூஸ் இருக்கிறதா, உதவியாளர் இடம் காலியாகக் கிடக்கிறதா என்று எழுதிக்கொண்டு வரட்டும். ‘செய்யலாம்’ என்பதைச் ‘செய்ய வேண்டும்’ என்று திருத்தக் கோரும் மனுவோடு அந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்புவோம்.