திரைக்குப் பின்னால் நின்ற இன்னொரு பெண்

பழைய படம் என்றால் குற்றம் சொல்லக் கூடாது என்று நம் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. அதுவும் எல்லோரும் சிரித்துக்கொண்டே பார்த்த படமாக இருந்துவிட்டால், வாயைத் திறப்பவன் கல்யாணப் பந்தியில் சோற்றில் கல் இருக்கிறது என்று சத்தம் போடுகிறவன் ஆகிவிடுகிறான். கல் இருந்தால் சொல்லத்தானே வேண்டும்? மென்று விழுங்கச் சொல்கிறார்கள். எனக்கு அது முடியாது.

படத்தின் பெயர் 'சிங்கிங் இன் த ரெய்ன்'. 1952-ல் எம்.ஜி.எம். எடுத்தது. ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கியது. கொட்டுகிற மழையில் குடையை மடக்கிக்கொண்டு கெல்லி ஆடுவாரே, அந்தப் படம்தான். முழுப் படம் பார்க்காதவர்கள்கூட அந்த ஒரு காட்சியை எங்காவது பார்த்திருப்பீர்கள். உடம்பில் கடும் காய்ச்சலோடு அவர் ஆடிய ஆட்டம் அது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

போன வாரம் எங்கள் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். படம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. "மனசு லேசாயிடுச்சுங்க" என்றாள் என் மனைவி. மகளுக்கு டொனால்ட் ஓ'கானர் சுவரில் ஏறிக் குட்டிக்கரணம் போட்டது போதும். மாப்பிள்ளை கையோடு ஆதாரமே கொண்டுவந்துவிட்டார். "மாமா, அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2006-ல் போட்ட பட்டியல்ல, மியூசிக்கல் படங்கள்ல இதுக்குத்தான் முதலிடம்" என்றார். கடைசிக் காட்சிக்குக் கை தட்டியவரும் அவர்தான். கல்லூரியில் படிக்கிற பேத்தி மட்டும், "அந்த லீனாவை எல்லாருமாச் சேர்ந்து இப்படிப் பண்ணியிருக்க வேண்டாம் தாத்தா" என்றாள்.

என் தீர்ப்பு பேத்தியின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. 'ஊருக்கு உபதேசம் பண்ணுகிற படம், தனக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை' என்றேன். அன்று இரவு பத்தரை மணி வரை வழக்கு நடந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1927. ஊமைப் படம் போய்ப் பேசும்படம் வருகிற சமயம். டான் என்கிற நடிகராகக் கெல்லி. அவரோடு ஜோடியாக நடிக்கும் பெரிய நட்சத்திரம் லீனா. முகம் அழகு, குரல் தகரத்தைக் கீறினாற்போல. பேசும்படம் எடுத்தால் ஊர் சிரிக்கும். எனவே கேத்தி என்ற புதுப்பெண்ணின் குரலை லீனாவின் வாயில் பொருத்துகிறார்கள். படம் வெற்றி. லீனா தலைக்கனம் ஏறி, கேத்தி காலத்துக்கும் தனக்குப் பின்னால் நின்று குரல் மட்டும் கொடுத்தால் போதும் என்கிறாள். முதல் காட்சி நடந்த அரங்கில் ரசிகர்கள் லீனாவைப் பாடச் சொல்கிறார்கள். திரைக்குப் பின்னால் கேத்தி பாட, முன்னால் லீனா வாயசைக்கிறாள். அப்போது டானும் அவன் நண்பனும் ஸ்டூடியோ முதலாளியும் சேர்ந்து கயிற்றை இழுத்துத் திரையைத் தூக்கிவிடுகிறார்கள். குட்டு வெளிப்படுகிறது. லீனா ஓடுகிறாள். குரலுக்குச் சொந்தக்காரி இவள்தான் என்று டான் அரங்கத்துக்கே அறிவிக்கிறான். சுபம்.

இப்போது நிஜத்துக்கு வாருங்கள். கேத்தியாக நடித்தவர் டெபி ரெய்னால்ட்ஸ். அப்போது அவருக்கு 19 வயது. லீனாவுக்காகக் கேத்தி பாடுவதாகப் படத்தில் ஒரு பாட்டு வருகிறது. அதைப் பாடியது டெபி அல்ல. பெட்டி நாய்ஸ் என்ற பாடகி. பேச்சுக்கும் கேத்திதான் குரல் கொடுப்பதாகக் காட்டுகிறார்கள். அங்கே கேட்பது லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்! அந்த அம்மாளுக்கு நிஜத்தில் நல்ல கனமான குரல். கீச்சுக்குரல் நடிப்புக்காக வரவழைத்துக்கொண்டது.

ஆக, குரல் திருடுவது பாவம் என்று சொல்ல வந்த படத்திலேயே குரல் கடன் வாங்கியிருக்கிறார்கள். வாங்கியது தப்பில்லை. கடன் கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை, அதுதான் தப்பு. படத்தின் பெயர்ப் பட்டியலில் பெட்டி நாய்ஸ் இல்லை. கேத்திக்காகத் திரையைத் தூக்கியவர்கள், அவளுக்கும் பின்னால் நின்ற பெண்ணுக்குத் தூக்கவில்லை. இவர் ஏதோ ஒருநாள் கூலிக்கு வந்தவரும் அல்ல. 1941-ல் வந்த டிஸ்னியின் 'டம்போ' படத்தில், கூண்டுக்குள் அடைபட்ட தாய் யானை துதிக்கையால் குட்டியைத் தாலாட்டுமே, அந்தப் பாட்டும் இவர் பாடியதுதான். அங்கேயும் பெயர் போடவில்லை.

மாப்பிள்ளையின் முதல் வாதம்: "அந்தக் காலத்து வழக்கம் மாமா அது. இன்னைக்கு அளவுகோலை வச்சு அளக்கலாமா?"

சரி. நான் இன்றைய அளவுகோலைத் தொடவே இல்லை. படம் தன் கையில் வைத்திருக்கிற அளவுகோலைத்தான் கேட்கிறேன். அடுத்தவர் குரலில் பெயர் வாங்குவது அநியாயம் என்று சொல்வது நானா, படமா? அந்த அநியாயத்தைப் பார்த்து நாம் கொதிக்கவேண்டும், கடைசியில் கை தட்டவேண்டும் என்று திட்டம் போட்டு எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் 1952-ல் அது அநியாயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 'வழக்கம்' என்ற சாக்கு இங்கே செல்லாது.

இரண்டாவது வாதம் மகளுடையது. "காசு குடுத்திருப்பாங்க, ஒப்பந்தம் போட்டிருப்பாங்க. அப்புறம் என்னப்பா?"

காசும் பெயரும் ஒன்றல்ல. இதற்கு நான் வேறொரு பாடகியைச் சாட்சிக்கு அழைத்தேன். மார்னி நிக்சன். 1956-ல் 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெருக்குப் பாடினார். 1961-ல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி உட்டுக்கு. 1964-ல் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கு. மூன்றும் உலகம் சுற்றிய படங்கள். மூன்றிலும் திரையில் அவர் பெயர் இல்லை. முதல் படத்தின்போது, வெளியில் சொன்னால் இந்த ஊரில் உனக்கு இனி வேலை கிடையாது என்று ஸ்டூடியோவில் மிரட்டினார்கள் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். காசு கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்றால் மிரட்டல் எதற்கு? பெயருக்குக் காசைவிடப் பெரிய விலை உண்டு என்று மிரட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.

நல்லவர்களும் இருந்தார்கள். டெபோரா கெர் தானாகவே முன்வந்து பாடியவர் யார் என்று வெளியில் சொன்னார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கு இசையமைத்த லெனர்ட் பெர்ன்ஸ்டைன், இசைத்தட்டு விற்பனையில் தனக்கு வந்த பங்கிலிருந்து நூற்றுக்குக் கால் பங்கு மார்னிக்கு எழுதிக் கொடுத்தார். மனம் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்திலேயே வழி இருந்தது.

இந்த இடத்தில் மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்டேன். "போன மாசம் ராத்திரி பாதிச் சாப்பாட்டில எழுந்து போனீங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க மூணு வாரம் உட்கார்ந்து செஞ்ச வேலையை உங்க மேலதிகாரி தன் பேர்ல கொண்டுபோய்க் காட்டினார்னு. சம்பளம் ஒழுங்கா வந்துதானே இருந்துது?" அவர் சிரித்துக்கொண்டே, "அது வேற மாமா" என்றார். எப்படி வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை. நான் இருந்த அலுவலகத்திலும் இதே கதைதான். ராத்திரி கண் விழித்து அறிக்கை எழுதுபவர் ஒருவர், அடியில் கையெழுத்துப் போட்டுப் பாராட்டு வாங்குபவர் இன்னொருவர். எழுதியவர் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வருமா என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நம்மில் பாதிப் பேர் ஏதோ ஒரு நாளில் பெட்டி நாய்ஸாக இருந்தவர்கள்தானே?

மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் பலமானது. அது என் மனைவியுடையது. "இன்னொருத்தர் பாடினாங்கன்னு போட்டுட்டா, அந்தப் பொண்ணு பாடுறதை நம்பி எப்படிங்க பார்க்கிறது? மாயம் போயிடாதா?"

ஹாலிவுட் முதலாளிகளும் இதைத்தான் நினைத்திருப்பார்கள். இதற்குப் பதில் நம் கையிலேயே இருக்கிறது. டி.எம்.எஸ். பாடுகிறார் என்று தெரியாமலா எம்.ஜி.ஆர். படத்துக்கும் சிவாஜி படத்துக்கும் வரிசையில் நின்றோம்? டைட்டிலில் பெயர் வந்தது. இசைத்தட்டில் வந்தது. வானொலியில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடியவர் பெயரைச் சொன்னார்கள். தியேட்டரில் விளக்கு அணைந்ததும் எம்.ஜி.ஆர். பாடுவதாகத்தான் நம்பினோம், சிவாஜி பாடுவதாகத்தான் அழுதோம். மாயம் ஒரு இம்மி குறைந்ததா? சுசீலா அம்மா பாடினார் என்று தெரிந்ததால் எந்தக் கதாநாயகியின் மதிப்பு குறைந்தது? என் மனைவி இதற்கு மறு பேச்சு பேசவில்லை. அவள் சுசீலா அம்மாவின் பக்தை.

நமக்கும் இது முதல் நாளே வந்துவிடவில்லை. 1945-ல் வந்த 'ஸ்ரீ வள்ளி'யில் ருக்மிணி தானே பாடி நடித்தார். அது மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, எடுத்து முடித்த படத்தில் குரலை மாற்றினார். இந்தியில் 1949-ல் வந்த 'மஹல்' படத்து இசைத்தட்டில், பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்றே முதலில் அச்சடித்தார்கள். அங்கிருந்து புறப்பட்டு, 1968-ஆம் வருடப் படங்களுக்குப் பின்னணிப் பாடகிக்கென்றே தேசிய விருது கொடுக்கிற நிலைக்கு வந்தோம். அதை முதலில் பெற்றவர் சுசீலா, 'உயர்ந்த மனிதன்' படத்துக்காக. ஆஸ்கரில் அப்படி ஒரு விருது இல்லை. பாட்டுக்கான விருது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும்தான்.

பேத்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். லீனா நல்லவள் என்று நான் வாதாட மாட்டேன். கேத்தியின் பெயரை மறைத்தவள் அவள்தான். ஆனால் குரலை மாற்றிப் பொருத்துகிற யோசனை யாருடையது? டானின் நண்பன் சொன்னான், டான் சம்மதித்தான், முதலாளி உத்தரவு போட்டார். அவளுக்குத் தெரியாமல் முடித்துவிடத்தான் முதலில் பார்த்தார்கள். கடைசியில் கயிற்றை இழுக்கிறவர்களும் அதே மூன்று பேர். திட்டம் போட்ட மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவமானம் முழுக்க ஒருத்தி தலையில். 'முதலாளி, நீங்களும்தானே ஊரை ஏமாற்றினீர்கள்?' என்று அந்த அரங்கத்தில் ஒருவர் கேட்கவில்லை. நிஜ முதலாளிகளையும் யாரும் கேட்கவில்லை. ஏமாற்றைப் பற்றிப் படம் எடுத்து, பழியை ஒரு நடிகை மேல் போட்டுவிட்டு, ஏமாற்றிய நிர்வாகம் சுத்தமாக வெளியே வந்துவிடுகிறது. என் கோபம் இதில்தான்.

நாம் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். பாட்டுக்குப் பெயர் போட்ட நாம் பேச்சுக்குப் போட்டோமா? தமிழ் பேசத் தெரியாத கதாநாயகிகள் தமிழில் சிரித்ததும் அழுததும் யார் குரலில் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்து மாநிலத்தில் 1993-ல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில் நாகவல்லி தமிழில் அலறியபோது நாம் எல்லோரும் நடுங்கினோம். ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, தகுதியான விருதுதான். நாகவல்லியின் அந்தக் குரல் துர்கா என்ற டப்பிங் கலைஞருடையது என்று இயக்குநர் ஃபாசில் வெளியில் சொன்னது 2016-ல். இடையில் 23 வருடம். அத்தனை வருடமும் அந்தப் பெருமை வேறொரு டப்பிங் கலைஞருடையது என்றே ஊர் நம்பிக்கொண்டிருந்தது.

ஆகவே ஹாலிவுட்டைத் திட்டிவிட்டு நாம் காலை நீட்டிக்கொண்டு உட்கார முடியாது. கோரஸ் பாடியவர்கள், வயலின் வாசித்த முப்பது பேர், சண்டைக்காட்சியில் நாயகனுக்குப் பதிலாகக் குதித்தவர் என்று இந்தப் பட்டியல் நம் ஊரிலும் நீளம்தான்.

'சிங்கிங் இன் த ரெய்ன்' படத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பாருங்கள், பேரன் பேத்திகளைக் கூட்டி வைத்துக்கொண்டு பாருங்கள். அந்த மழைக்காட்சிக்கு நானும் தாளம் போட்டவன்தான். ஆனால் கேத்தி பாடுகிற இடம் வரும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, 'இதைப் பாடினவங்க பேரு பெட்டி நாய்ஸ்' என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். ஸ்டூடியோ செய்யாததை நாம் வீட்டுக் கூடத்தில் செய்வோம். படம் முடிந்து எழுத்து ஓடும்போது ரிமோட்டைத் தேடாமல் கொஞ்சம் உட்காருங்கள். அதில் இருக்கிற பெயர்களையும் படியுங்கள், இல்லாத பெயர்களையும் விசாரியுங்கள்.

மாப்பிள்ளை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு சந்தோஷமான படத்தைக்கூட உங்களால சும்மா பார்க்க முடியாதா மாமா?" என்கிறார். சந்தோஷமாகத்தான் பார்த்தேன். பாடியவளுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான். உங்கள் கட்சி எது என்று எழுதுங்கள். மாப்பிள்ளை பக்கம் சேர்ந்தாலும் பரவாயில்லை, பதில் தயாராக இருக்கிறது.