வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது

யாங்கோனில் கரண்ட் எப்ப வரும், எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. அதனால நெட் கேட்காத பழைய கேம்கள்தான் எனக்குத் துணை. போன வாரம் நண்பன் வீட்டில் தூசி படிஞ்சு கிடந்த காப்பி சிடியில் 'ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக் 2' ஆடி முடிச்சேன். முடிச்சேன்னு சொல்றதே தப்பு, கதை முடிஞ்சாத்தானே! அவ்வளவு தூரம் கூட வந்தவங்க கடைசிக் கட்டத்துல எங்க போனாங்கன்னே தெரியல. ஒரு கிழவி குறி சொல்ற மாதிரி நாலு வார்த்தை சொல்லுது, அவ்வளவுதான், சுபம்.

எழுதினவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லீங்க. 2003-ல் ஆரம்பிச்ச அப்சிடியன் கம்பெனிக்கு இதுதான் முதல் கேம். ஒன்றரை வருஷம்கூட கையில் இல்ல. 2004 டிசம்பர்ல, பண்டிகை விற்பனைக்குள்ள, கடைக்கு வந்தாகணும். ரோபோக்கள் மட்டும் வாழும் ஒரு கிரகத்தையே முழுசா வெட்டிட்டாங்க. வெட்டினதுல பாதி சிடிக்குள்ளயே கிடந்தது. ரசிகர்கள் பைசா வாங்காம வருஷக்கணக்கா உட்கார்ந்து அதைத் தோண்டி ஒட்டவெச்சாங்க. 2022-ல் ஸ்விட்ச் பதிப்பு வந்தப்ப, அந்த வெட்டுப்பட்ட பகுதிகளையும் தர்றோம்னு விளம்பரம் பண்ணினாங்க. 2023 ஜூன்ல கைவிரிச்சுட்டாங்க.

அடுத்தவன் உலகத்துல கதை எழுதறது வாடகை வீடு மாதிரி. ஆணி அடிக்கக் கூடாது. (நாம புடுங்கற ஆணி இல்ல, நிஜ ஆணி.) 'ஃபால்அவுட்'டைப் பாருங்க. கர்ப்ஸ் என்ற விதிமுறைக்கு லைசென்ஸ் வாங்கித்தான் இண்டர்ப்ளே ஆரம்பிச்சது. 1997-ல் வன்முறைக் காட்சிகள் விஷயத்துல உரிமைக்காரங்களோட உரசல், லைசென்ஸ் போச்சு. அவசரத்துல சொந்தமா ஒரு விதிமுறை செஞ்சாங்க. வெளியே துரத்தப்பட்டதாலதான் சொந்த வீடு கட்டினாங்கன்னு எனக்குத் தோணும்.

நிற்க. காப்பி சிடியில் ஆடிட்டு நியாயம் பேசறியான்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். வெள்ளைக்காரன் காலத்துல சென்னைக்கும் ரங்கூனுக்கும் ஒரே காப்புரிமைச் சட்டம், 1914-ல் போட்டது. இந்தியா 1957-ல் புதுசு போட்டுடுச்சு. இங்கே 2019 வரைக்கும் அதேதான். வெளிநாட்டுப் படைப்புக்கு அதில் பாதுகாப்பே கிடையாது. புதுச் சட்டம் அமலுக்கு வந்தது 2023 அக்டோபர் 31-ல். அதுவரைக்கும் இந்த ஊர்ல லைசென்ஸ்ங்கிற வார்த்தைக்கு மரியாதையே இல்ல.

ஆனா காசு கொடுத்து வாங்கினா மட்டும் எழுதினவன் கைக்குப் போகுதா? இதே அப்சிடியன் 2010-ல் 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' செஞ்சது. விமர்சன சராசரி 85 வந்தா போனஸ்னு ஒப்பந்தம். வந்தது 84. அந்த உலகமும் அவங்களோடது இல்ல, வாடகைதான். நல்லாக் கதை சொன்னதுக்குக் கிடைச்சது ஒரு மார்க் குறைவு.

நேத்து ராத்திரி ரசிகர்கள் ஒட்டவெச்ச பகுதியை இறக்க உட்கார்ந்தேன். பாதி வந்திருக்கும், கரண்ட் போச்சு :-(