இனி ஒரு காசும் கிடையாது

கால்பந்து ரசிகர் தம் கழகத்துக்கு ஆற்றக்கூடிய பெரும் தொண்டு, ஆட்ட நாளில் மைதானத்துக்குப் போகாமல் இருப்பதாகவும் அமையலாம் என்பது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில், லங்காஷயர் பகுதியில் உள்ள பிளாக்பூல் நகரத்து ரசிகர்கள் ஆயிரக்கணக்கானோர் 2015க்கும் 2019க்கும் இடையே அவ்வாறே நடந்துகொண்டார்கள். அணியின்மீது அன்பு குன்றியதால் அல்ல, அணியைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் பணம் போய்ச் சேர்வதை அதற்கு மேலும் பொறுக்க முடியாததால். 'இனி ஒரு காசும் கிடையாது' என்பதே அந்தப் புறக்கணிப்பின் முழக்கமாக இருந்தது.

1887ல் தோன்றிய பிளாக்பூல் கழகம், ஆரஞ்சு நிறச் சட்டையாலும் 1953ஆம் ஆண்டின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தாலும் அறியப்படுவது. கழகத்தின் வீரர் ஸ்டான்லி மாத்யூஸின் பெயரால் இன்றும் வழங்கும் அந்த ஆட்டத்தில், போல்ட்டன் அணியை 4-3 என்ற கணக்கில் வீழ்த்திய கோல்களில் மூன்று ஸ்டான் மார்ட்டன்சன் அடித்தவை. பிற்காலத்தில் கழகம் படிப்படியாகக் கீழிறங்கி நொடித்துக் கிடந்த 1980களின் இறுதியில், உள்ளூர்த் தொழிலதிபர் ஓவன் ஆய்ஸ்டன் அதைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1999 முதல் அவருடைய மகன் கார்ல் தலைவராக இருந்தார். கழகம் மூழ்கிவிடாமல் அக்குடும்பம் ஒரு காலத்தில் காத்தது என்பதும், வரவுக்கு மீறிச் செலவு செய்யாத சிக்கனத்தைக் கார்ல் ஒரு கொள்கையாகவே கொண்டிருந்தார் என்பதும் நேர்மையாக எழுதப்படும் எந்த வரலாற்றிலும் இடம்பெற வேண்டியவை. 2006ல் லாத்வியாவைச் சேர்ந்த வலேரி பெலகோன் என்ற வங்கியாளர் முதலீட்டுடன் வந்து 20 விழுக்காட்டுப் பங்குதாரரானார். 2010 மே மாதத்தில் வெம்ப்ளி அரங்கில் கார்டிஃப் அணியை 3-2 என்று வென்ற பிளாக்பூல், இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் தட்டான பிரீமியர் லீக்கில் முதன்முறையாகக் கால்வைத்தது.

அந்த ஒரு பருவத்தில் இயன் ஹாலோவே பயிற்றுவித்த அணி 55 கோல்கள் அடித்தது, லிவர்பூலை உள்ளூரிலும் வெளியூரிலும் வென்றது, கடைசி நாளில் 39 புள்ளிகளோடு கீழிறங்கியது. பிரீமியர் லீக்கின் தொலைக்காட்சிப் பங்கும், கீழிறங்கும் கழகங்கள் வருவாய்ச் சரிவால் நிலைகுலையாதிருக்க அடுத்த சில ஆண்டுகள் வழங்கப்படும் 'பாராசூட்' தொகையும் சேர்ந்து, கழகம் அதுவரை கண்டிராத அளவுக்குப் பணம் வந்தது. அந்தப் பணத்தில் 1 கோடியே 10 லட்சம் பவுண்டு ஓவன் ஆய்ஸ்டனின் சொந்த நிறுவனம் ஒன்றுக்குச் சென்றது. ஸ்கொயர்ஸ் கேட்டில் உள்ள பயிற்சித் திடலோ பழைய கோலத்திலேயே கிடந்தது. 2014 கோடையில், புதிய பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில், ஒப்பந்தத்தில் இருந்த முதல்நிலை வீரர்கள் எட்டுப் பேர். பதினொருவர் ஆடும் ஆட்டத்துக்கு எட்டுப் பேரை வைத்திருந்த ஒரு கழகத்தைப் பற்றி, அதன் ரசிகர்கள் வேறு சான்று தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

எதிர்ப்பு முதலில் மைதானத்துக்குள்ளேயே எழுந்தது. 2014 ஏப்ரலில் பர்ன்லி அணியுடன் நடந்த உள்ளூர் ஆட்டத்தின்போது, கழகத்தின் நிறத்துக்குப் பொருத்தமாக ஆரஞ்சுப் பழங்களும் டென்னிஸ் பந்துகளும் புல்தரையில் வீசப்பட்டு ஆட்டம் சற்று நேரம் நின்றது. 'ஆய்ஸ்டனே வெளியேறு' என்ற முழக்கம் ஊரெங்கும் பரவியபோது, அந்த முழக்கத்தையே ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து காட்டும் பதிவெண் பலகையைக் கார்ல் தம் வண்டியில் பொருத்திக்கொண்டார். அதே ஆண்டின் இறுதியில் ஒரு ரசிகருக்கு அவர் அனுப்பிய இழிவான குறுஞ்செய்திகளுக்காகக் கால்பந்துச் சங்கம் அவருக்கு 40,000 பவுண்டு அபராதமும் ஆறு வாரத் தடையும் விதித்தது. இணையத்தில் எழுதியவற்றுக்காக ரசிகர்கள் சிலர்மீது அவதூறு வழக்குகள் தொடுக்கப்பட்டன. ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஒரு முதியவர் மன்னிப்புக் கேட்டு 20,000 பவுண்டு செலுத்த ஒப்புக்கொள்ள நேர்ந்தபோது, மற்ற ரசிகர்கள் நிதி திரட்டி அவருக்குத் தோள்கொடுத்தார்கள். உரிமையாளர் தம் கழகத்தின் ரசிகர்களையே வழக்காடித் தண்டிக்கும் நிலை வந்த பிறகு, இரு தரப்பும் இணங்கிப் போவதற்கான வழி ஏதும் எஞ்சியிருக்கவில்லை.

2015 மே 2ஆம் நாள், பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் அணியை எதிர்கொண்டபோது பிளாக்பூல் ஏற்கெனவே அடுத்த தட்டுக்கு இறங்குவது உறுதியாகியிருந்தது. போராட்டத்தை எதிர்பார்த்த நிர்வாகம், மைதானத்துக்கு வெளியே நின்ற மார்ட்டன்சன் சிலையை முன்கூட்டியே அகற்றியிருந்தது. 48ஆவது நிமிடத்தில் ரசிகர்கள் புல்தரைக்குள் இறங்கி நடுவட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்களுள் ஒருவர் முதியோரும் உடல் இயலாதோரும் பயன்படுத்தும் மின்வண்டியிலேயே உள்ளே வந்துவிட்டார். ஆட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டும் அணி ஒரு தட்டு இறங்கி, பிரீமியர் லீக்கில் ஆடிய ஐந்தே ஆண்டுகளில் நான்காம் தட்டில் வந்து நின்றது.

புறக்கணிப்பு வலுப்பெற்றது இந்த வீழ்ச்சிக் காலத்தில்தான். அதன் தர்க்கம் எளிமையானது, ஆனால் கடைப்பிடிக்கக் கடினமானது. லீக் ஆட்டங்களின் நுழைவுக் கட்டணம் முழுவதும் ஆட்டத்தை நடத்தும் உள்ளூர்க் கழகத்துக்கே உரியது என்பதால், ப்ளூம்ஃபீல்டு ரோடு மைதானத்தில் வாங்கும் ஒவ்வொரு டிக்கெட்டும், ஒவ்வொரு தேநீர்க் கோப்பையும், பிள்ளைக்கு வாங்கும் சட்டையும் உரிமையாளரின் பெட்டிக்குள் விழும். வெளியூர் ஆட்டத்தில் கொடுக்கும் கட்டணமோ எதிரணிக்குச் செல்லும். ஆகவே பலர் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய மைதானத்தைத் தவிர்த்துவிட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து அயலூர் அரங்குகளில் தங்கள் அணிக்காகக் குரல் கொடுத்தார்கள். அணிக்கும் உரிமையாளருக்கும் இடையே கோடு கிழிக்க அவர்கள் கண்ட வழி இது. தொடர்ந்து மைதானத்துக்குச் சென்றவர்களும் உண்டு. வீரர்கள் என்ன பிழை செய்தார்கள் என்ற அவர்களது கேள்வியைத் துரோகம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. பரம்பரையாக அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்துவந்தவர்கள் இதனால் இரு பக்கமாகப் பிரிய நேர்ந்தது, அபராதங்களையும் வழக்குகளையும் விட அந்த ஊருக்கு நேர்ந்த ஆழமான காயம்.

அந்தக் கோடு கடும் சோதனைக்கு உள்ளானது 2017 மே மாதத்தில். நான்காம் தட்டிலிருந்து மேலேறுவதற்கான பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில், அதாவது நேரடியாகத் தகுதி பெறாத அணிகள் எஞ்சிய ஓர் இடத்துக்காக மோதும் ஆட்டத்தில், பிளாக்பூல் வெம்ப்ளியில் எக்ஸிட்டர் அணியை 2-1 என்று வென்றது. தொண்ணூறாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கில் 23,380 பேர் இருந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் எதிரணியினர். ஒரு ரசிகர் வாழ்நாளில் சில முறையே காணக்கூடிய காட்சியைக் காணாமல் இருக்கத் துணிந்தவர்களைப் பற்றி, அவர்களுக்கு அணிமேல் பற்றில்லை என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

இதே முறை எல்லா இடத்திலும் பலிக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். 2005ல் கிளேஸர் குடும்பம் 79 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைட்டெடைக் கைப்பற்றி, அதற்காக வாங்கிய கடனின் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே ஏற்றியபோது, ரசிகர்கள் 2010ல் கழகத்தின் தொடக்ககால நிறங்களான பச்சையும் பொன்னிறமும் கலந்த கழுத்துத் துணிகளை அணிந்து எதிர்த்தார்கள். ஆனால் அங்கே ஒருவர் இருக்கையைத் துறந்தால் அடுத்தவர் வாங்கக் காத்திருக்கிறார். தொலைக்காட்சி, விளம்பர வருவாய்க்கு முன் நுழைவுக் கட்டணம் சிறியது. அருகிலுள்ள பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தை 2010ல் வாங்கிய, கோழிப் பண்ணைத் தொழிலால் நம் நாட்டில் நன்கறியப்பட்ட வெங்கீஸ் நிறுவனத்துக்கு எதிராகவும் ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தது. அங்கும் உரிமை கைமாறவில்லை. பிளாக்பூல் கீழ்த்தட்டில் கிடந்ததே அதன் ரசிகர்களுக்கு ஒருவகையில் பலமாயிற்று, ஏனெனில் அந்தத் தட்டில் காலி இருக்கை உண்மையாகவே கணக்கில் உறைக்கும்.

இருப்பினும் ஆய்ஸ்டன் குடும்பத்தின் பிடியை இறுதியில் தளர்த்தியது ரசிகர்களின் உரிமை அல்ல, ஒரு பங்குதாரரின் உரிமை. ஆங்கிலேயச் சட்டத்தில் ரசிகர் என்பவர் வாடிக்கையாளர் மட்டுமே. கழகத்தின் பணம் எங்கே போனது என்று நீதிமன்றத்தில் கேட்க அவருக்குத் தகுதியில்லை. சிறுபான்மைப் பங்குதாரருக்கு, அதாவது நிறுவனத்தை நிர்வகிக்கும் பலமின்றிக் குறைந்த பங்கு மட்டும் வைத்திருப்பவருக்கு, பெரும்பான்மையினர் அநீதி இழைத்தால் முறையிட வழியுண்டு. அவ்வழியில் சென்ற பெலகோனுக்கு 2017 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் 3 கோடியே 12 லட்சம் பவுண்டுக்கு மேல் வழங்கும்படி தீர்ப்பளித்தது. உரிமையாளர்கள் கழகத்தின் செல்வத்தை முறையின்றிச் சுரண்டினார்கள் என்று நீதிபதி மார்க்கஸ் ஸ்மித் கண்டறிந்தார். ரசிகர்கள் பல ஆண்டுகளாகத் தெருவில் நின்று சொன்னது, ஒரு முதலீட்டாளர் வாயிலாக வந்தபோதுதான் சட்டத்தின் செவியில் விழுந்தது. இழப்பீட்டுத் தொகை முழுமையாகச் செலுத்தப்படாததால், 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் ரிசீவர் ஒருவரை, அதாவது கடனாளியின் சொத்தைத் தன் சார்பில் மேற்பார்வையிட்டு விற்கும் அதிகாரியை நியமித்தது. ஓவன் ஆய்ஸ்டன் நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

ரசிகர்கள் திரும்பியது அதன்பின் சில வாரங்களில். பராமரிப்பின்றி அழுக்கேறிக் கிடந்த இருக்கைகளைத் தன்னார்வலர்கள் வாளியும் துணியுமாக வந்து துடைத்தார்கள். மார்ச் 9ஆம் நாள் சவுத்எண்ட் அணியுடனான ஆட்டத்துக்கு 15,871 பேர் திரண்டார்கள். 2-2 என்று முடிந்த, பட்டியலில் பெரிய மாற்றம் எதையும் செய்யாத ஒரு மூன்றாம் தட்டு ஆட்டத்துக்கு. அவ்வாண்டு ஜூனில், பிளாக்பூலில் பிறந்து ஹாங்காங்கில் நிதித் தொழில் நடத்திய சைமன் சாட்லர் கழகத்தை வாங்கினார்.

நல்லவர் ஒருவர் வாங்கியதால் அடிப்படைக் குறை தீர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. ஜெர்மனியில், சில விலக்குகள் தவிர, கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்ற '50+1' விதி உண்டு. இங்கிலாந்தில் அத்தகைய விதி இல்லை. 2025 ஜூலையில் அரச ஒப்புதல் பெற்ற கால்பந்து நிர்வாகச் சட்டம், உரிமையாளரின் தகுதியை ஆராயவும் கழகங்களுக்கு உரிமம் வழங்கவும் அதிகாரம் பெற்ற தன்னாட்சி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியிருக்கிறது. முக்கிய விவகாரங்களில் ரசிகர்களைக் கலந்தாலோசிக்க வேண்டிய கடமையையும் கழகங்கள்மேல் சுமத்தியிருக்கிறது. பங்குரிமை இல்லாத ரசிகர்களின் முறையீட்டை எடுத்து, கழகத்தின் கணக்கேடுகளைத் திறந்து பார்க்கும் துணிவு அந்த அமைப்புக்கு உண்டா என்பதே பிளாக்பூல் மக்கள் கவனித்துக் கொண்டிருக்க வேண்டியது. அத்தகைய அலுவலகம் ஒன்று 2011ல் இருந்து, அந்த 1 கோடியே 10 லட்சம் பவுண்டு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று அப்போதே கேட்டிருந்தால், எட்டு ஆண்டுகள் கழித்து ஒரு ரிசீவர் வந்து கதவைத் திறக்கும்வரை அந்த ஊர் காத்திருக்க வேண்டியிருந்திராது.