மெரீனா யாருடைய முற்றம்?

சென்னை மெரீனாவைக் கண்டு திரும்பும் நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஒரே பல்லவிதான் ஒலிக்கின்றது. அகன்ற மணற்பரப்பு, நீண்ட நடைபாதை, தமிழறிஞர் சிலைகள், தலைவர்களின் சமாதிகள் என வியப்புகள் அடுக்கப்படுகின்றன. அதே மணலிற் கிடக்கும் வள்ளங்களும் காயும் வலைகளும் அழகைக் கெடுப்பனவாகக் குறைகூறப்படுகின்றன. இந்த முகச்சுழிப்பு வரலாற்றை அறியாமையின் விளைவு. அதைவிட, வர்க்கச் சார்பின் விளைவு எனலாம்.

முதலில், மெரீனா முற்றிலும் இயற்கை தந்த கொடையன்று. 1870களிற் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடல் சுமந்துசென்ற மணலைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் தடுத்தன. தென்புறத்தில் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடபுறத்தில் மணல் வரத்துக் குன்றிக் கரை அரிப்புக்குள்ளானது. நாம் உலாவி மகிழும் இப்பரப்பின் மறுபக்கம், இராயபுரத்திலிருந்து வடக்கே கடலரிப்புக்கு இரையான கரையாகும். ஒரு பகுதியினரின் இழப்பின் மீதே மற்றொரு பகுதியினரின் இன்பம் எழுந்தது.

1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் இங்கு உலாவீதி அமைத்து, கடற்கரை எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லை அதற்குப் பெயராகச் சூட்டினார். ஆயின், 1639 இல் ஆங்கிலேயர் நிலம்பெற்றுக் கோட்டை கட்ட முனைந்த காலத்துக்கு முன்னரே இக்கரையோரத்தில் மீனவர் வாழ்ந்தனர். உலாவ வந்தோர் பிந்தியவர், உழைத்தோரே முந்தியவர். எனினும், பெயர் சூட்டியவரின் பார்வையே கரையின் பார்வையாக நிலைபெற்றுவிட்டது.

வெள்ளையர் வெளியேறிய பின்னரும் அப்பார்வை மாறவில்லை. 1985 இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், கடற்கரையை அழகுபடுத்துவதன் பேரால், மீனவரின் படகுகளையும் வலைகளையும் அகற்ற முற்பட்டனர். எதிர்த்து நின்றோர் மீது பொலிசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. 2023 ஏப்பிரலில், நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்த வழக்கைத் தொடர்ந்து, நொச்சிக்குப்பம் லூப் வீதியோரத்து மீன்கடைகள் அகற்றப்பட்டன. மீனவர் வீதியிலிறங்கிப் போராடினர். 2024 இல் அங்கு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அதனை நாம் இகழவில்லை. ஆயினும், முதலில் அகற்றுவது, பின்னர் வசதி அளிப்பது என்ற ஒழுங்குமுறை எதனைக் காட்டுகின்றது? கரைக்குரியோர் அங்கே தயவில் வாழ்வோராகக் கருதப்படுகின்றனர் என்பதையன்றி வேறெதை?

இம்முரண்பாட்டுக்கு மெரீனாவே சாட்சி. 1923 மே முதலாந் திகதி இக்கடற்கரையில் இந்தியாவின் முதலாவது மே தினத்தைக் கொண்டாடியவர் சிங்காரவேலர். அவர் மீனவக் குடும்பத்திற் பிறந்தவர். 1959 இல் இங்கே உழைப்பாளர் சிலை நிறுவப்பட்டது. வெண்கல உழைப்பாளிக்கு மாலை சூட்டும் நகரம், சில மைல் தொலைவில் வலை இழுக்கும் உழைப்பாளியை ஆக்கிரமிப்பாளன் என்கிறது!

தூய்மை வேண்டாமா, போக்குவரத்துச் சீராக வேண்டாமா என்று வினவுவோருளர். வேண்டும்; மறுப்பாரில்லை. மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்காக 2022 இல் அமைக்கப்பட்ட மரப்பாதை போன்றவை போற்றத்தக்கவையே. எமது வினா வசதி வேண்டுமா என்பதன்று. எவர்க்கு முதலில் என்பதே. மாலை ஒரு மணிநேரம் காற்று வாங்குவோர்க்குக் கடற்கரை பொழுதுபோக்கு. விடியுமுன் கடல்புகுவோர்க்கு அதுவே தொழிற்களம், களஞ்சியம், சந்தை. இவ்விருவர் தேவையையும் ஒரே தராசில் நிறுத்துவதே அநீதியெனின், முந்தியதன் பொருட்டுப் பிந்தியதை அகற்றுவதை என்னென்பது?

இது அயல்நாட்டு விவகாரமென ஒதுக்கிவிட இயலாது. 2004 ஆழிப்பேரலையின் பின் நமது நாட்டிலும் கரையோரத்தில் வீடு கட்டத் தடையெல்லை வகுக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஆனால், உல்லாச விடுதிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. அலை கடற்றொழிலாளியின் குடிசையை மட்டும் தேடிவரும் போலும்! பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டதாயினும், அதை வகுத்த மனப்பான்மை மெரீனாவில் வலைகளை அகற்றிய மனப்பான்மையினின்றும் வேறுபட்டதன்று.

நெய்தற் பாடல்களில் உலரும் மீனும் வலையும் பரதவர் சிறுகுடியும் பாடுபொருள்களாயின. பழம்புலவர்க்கு அவை அழகைக் கெடுப்பனவாகத் தோன்றவில்லை. அப்பாடல்களை விரிவுரை மண்டபத்திற் சுவைத்துவிட்டு, அவ்வலைகளைக் கடற்கரையிற் கண்டு முகஞ்சுழிப்போமாயின், நாம் கற்றது திணை இலக்கணமேயன்றி இலக்கியமன்று. நெய்தலைப் பயில்வோர் நெய்தல் மாந்தரின் பக்கம் நிற்கக் கடமைப்பட்டவராவர்.